துளை இருந்தால் மோடம் இருக்குமா? மடிக்கணினி கேள்வி–பதில்

கேள்வி: லெனோவோவின் பழைய திங்க்பேட் மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். சிம் செருகும் துளை இருந்தும் இணையம் கிடைக்கவில்லை. சிம் வழியே இணையம் தரும் மோடம் பழுதாகிவிட்டதா?

பதில்: பழுதாகியிருப்பதைவிட, மோடமே பொருத்தப்படாமல் இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஒரே மாதிரியைப் பல விலைகளில் விற்கும்போது உடற்கூடு பெரும்பாலும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கும். மோடம் மட்டும் கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்கே பொருத்தப்படும். விண்டோஸ் செட்டிங்ஸில் ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ பகுதியில் ‘செல்லுலார்’ என்ற தலைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் ‘வயர்லெஸ் வான்’ (சிம் மோடம்) அணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், ஏனெனில் அங்கே அணைக்கப்பட்ட உறுப்பு விண்டோஸுக்குத் தெரியாது.

அதிலும் தெளிவு கிடைக்காவிட்டால், மின்இணைப்பையும் பேட்டரியையும் துண்டித்து, அடிமூடியைத் திறந்து, மோட அட்டையைச் செருகும் எம்.2 என்ற இடத்தைக் கண்ணால் பார்ப்பதே முடிவான சோதனை. அட்டை இல்லாமல், நுனியில் உறையிட்ட ஆன்டெனா கம்பிகள் மட்டும் அதன் அருகே கிடந்தால், உங்கள் மாதிரியின் பயாஸ் ஏற்கும் அட்டை எது என்று உறுதிசெய்துகொண்டு பின்னர் வாங்கிப் பொருத்தலாம். கம்பிகளும் இல்லையென்றால், அவற்றைத் திரைச் சட்டம் வரை கொண்டுசெல்லத் திரைப் பகுதியையே பிரிக்க வேண்டிவரும். அவ்வளவு செலவு செய்வதைவிடக் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டே போதும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் என் மாதிரிக்குக் கைரேகை டிரைவர் (உணரியை இயக்கும் மென்பொருள்) இருக்கிறது. நிறுவிய பிறகும் அது வேலை செய்யவில்லையே?

பதில்: அந்தப் பட்டியல் மாதிரியின் எல்லா வகைகளுக்கும் பொதுவானது, டிரைவர் கிடைப்பதால் உங்கள் கணினியில் கைரேகை உணரி இருக்கிறது என்று கொள்ள முடியாது. விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் ‘பயோமெட்ரிக் டிவைசஸ்’ தலைப்போ, ‘அன்னோன் டிவைஸ்’ என்ற பதிவோ இல்லையென்றால், பெரும்பாலும் உணரி இல்லை என்றே பொருள். மறைந்த சாதனங்களைக் காட்டச் சொன்னால் மங்கலாகத் தெரியும் பெயர்கள் இப்போது இணைப்பில் இல்லாதவை. அவற்றைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். டெல், லெனோவோ போன்ற நிறுவனங்களின் தளங்களில் மாதிரிப் பெயருக்குப் பதிலாக அடிப்பக்கத்திலுள்ள வரிசை எண்ணைக் கொடுத்தால், ஆலையில் பொருத்தப்பட்ட உறுப்புகளின் விவரம் கிடைக்கும். கைமாறி வந்த கணினியென்றால், இடையில் யாரேனும் கழற்றியதோ மாற்றியதோ அதில் தெரியாது.

கேள்வி: விசைப்பலகையில் பின்னொளி உண்டா என்பதை டிவைஸ் மேனேஜரில் பார்க்க முடியுமா?

பதில்: பொதுவாக முடியாது, பெரும்பாலான மடிக்கணினிகளில் பின்னொளி தனிச் சாதனமாகப் பதிவாவதில்லை. விசைகளில் ஒளிக்கதிர் சின்னம் இருக்கிறதா என்று தேடுங்கள். திங்க்பேட்களில் அது ஸ்பேஸ் விசையில் இருக்கும். எஃப்என் விசையுடன் சேர்த்து அழுத்தினால் ஒளி வரவேண்டும்.

கேள்வி: விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு உறுப்பு என் கணினியில் இருக்கிறதா?

பதில்: விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘டிவைஸ் செக்யூரிட்டி’ பக்கத்தைத் திறந்தால், ‘செக்யூரிட்டி புராசஸர்’ விவரத்தில் பதிப்பு எண் இருக்கும். அந்தத் தலைப்பே இல்லையென்றாலும் கணினியை ஒதுக்கிவிட வேண்டாம். இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் டிபிஎம் பயாஸில் அணைந்துகிடக்கலாம். வட்டிலுள்ள தரவைப் பூட்டும் பிட்லாக்கர் இயங்கும் கணினியென்றால், பயாஸில் கைவைக்கும் முன் மீட்புக் குறியீட்டை வேறோர் இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள்.