இராவணன் மீசை என்பது என்ன புல்? சென்னைக் கடற்கரையில் அது ஏன் அருகிவருகிறது?

இராவணன் மீசை, கடலோர மணல்மேடுகளில் படர்ந்து வளரும் நம் மண்ணுக்குரிய புல். இலைகள் விறைப்பானவை, முனை ஊசிபோல் குத்தும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் முள்பந்து போன்ற விதைக்கொத்து முற்றியதும் கழன்று, காற்றில் மணல்மீது உருண்டோடும். அவ்வளவு அழகான ஓட்டம் அது!

உப்புக்காற்றையும் கொதிக்கும் மணலையும் இது தாங்கும். மணல் வந்து மூடினால், அதற்கு மேலே தண்டை நீட்டிப் புதிதாக வேர்விடும். மேடு உயர்வது இப்படித்தான். பூச்சரத்தில் நார் செய்யும் வேலை இது. நார் அறுந்தால் பூ உதிரும். புல் போனால் மணல் பறக்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிப் பல மேடுகளைச் சமப்படுத்தி வீடுகளும் விடுதிகளும் எழுப்பிவிட்டார்கள். துறைமுகத்துக்கு வடக்கே கடல் அரிப்பு மணலையே கொண்டுபோனது. வண்டிச் சக்கரங்கள் தண்டுகளை நசுக்குகின்றன. கடற்கரையைச் சுத்தம் செய்வதாக நினைத்து இந்தப் புல்லையே பிடுங்கி எறிவதுதான் எனக்குப் பெரும் வேதனை. கடலோரக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2011இல் வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளுக்கு உயர்ந்த பாதுகாப்பு அளித்தது.

சவுக்கு நட்டால் இதற்கு ஈடாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சவுக்கு வெளியிலிருந்து வந்த மரம், அதன் நிழலிலும் உதிர்ந்த சருகிலும் இந்தப் புல் தழைப்பதில்லை.