மெக்சிகோவில் நம்ம மளிகை: கேள்வி பதில்

முதலில் ஒரு சின்ன விஷயம். கடை லேபிளில் 'ஜே' எழுத்தை 'ஹ' என்றும் இரட்டை 'எல்'லை 'ய' என்றும் படியுங்கள். கீழே வரும் ஸ்பானிஷ் பெயர்களை அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

அக்கா, ஃப்ரிஹோல் நேக்ரோவைக் கருப்பு உளுந்து என்று நினைத்து இட்லிக்கு அரைத்துவிட்டேன். மாவு பொங்கவே இல்லை. (குவாதலஹாரா)

பொங்காது தம்பி. அது உளுந்தே இல்லை, ராஜ்மா இனத்துக் கருப்பு பீன்ஸ். அரைக்கும்போது உளுந்தில் வருகிற வழவழப்புதான் காற்றைப் பிடித்து வைத்து இட்லியை உப்ப வைக்கிறது. இதில் அது கிடையாது. அந்த மாவை இட்லியாக ஊற்றிச் சாப்பிடவும் வேண்டாம். ராஜ்மா வகைகளை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரமாவது தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காடாக உள்ளே போனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

'லென்தேஹா நேக்ரா' அல்லது 'பெலுகா' என்று விற்பதும் உளுந்து அல்ல, கருப்பு மசூர். உளுந்துக்கு அமேசான் மெக்சிகோவிலும் மெர்காதோ லிப்ரேவிலும் 'உரத் தால்' (urad dal) என்று ரோமன் எழுத்தில் தேடுங்கள். தோல் நீக்கியதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வாங்குங்கள்.

அது வந்து சேரும்வரை தோசையோடு சமாளிக்கலாம். பச்சரிசி 3 கப், லென்தேஹா ரோஹா (நம்ம மைசூர் பருப்பு) 1 கப், வெந்தயம் 1 டீஸ்பூன், 4 மணி நேரம் ஊறினால் போதும். தோசை மொறுமொறுவென்று வரும். இதில் இட்லி ஊற்றினால் தட்டையாகத்தான் இருக்கும். வெந்தயத்துக்கு இங்கே ஃபெனோக்ரேகோ என்று பெயர். பையில் 'ப்ரெகொஸீதோ' என்றிருந்தால் புழுங்கலரிசி. 'சூப்பர் எக்ஸ்த்ரா' என்று மட்டும் இருந்தால் பச்சரிசி.

பருப்பு ஒரு மணி நேரம் கொதித்தும் வேகவில்லை. மாவும் புளிக்க மாட்டேன் என்கிறது. (மெக்சிகோ சிட்டி)

குறை பருப்பில் இல்லை. நகரம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கர் கட்டாயம் வேண்டும், ஊரில் வைப்பதைவிட இரண்டு விசில் கூடுதலாக வையுங்கள். உப்பும் புளியும் பருப்பு வெந்த பிறகுதான். மாவு புளிக்காததற்குக் காரணம் இரவுக் குளிர். ஓவனைப் பற்றவைக்காமல் உள் விளக்கை மட்டும் போட்டு, மாவை 12 மணி நேரம் உள்ளே வையுங்கள்.

சாம்பாருக்குத் துவரம்பருப்பு? (கெரேத்தரோ)

'காந்துல்' என்றால் துவரைதான், ஆனால் பெரும்பாலும் டின்னில் அடைத்த முழுப் பச்சைத் துவரை. சாம்பாருக்கு ஆகாது. லென்தேஹா ரோஹாவை வைத்தே செய்யுங்கள். அது சீக்கிரம் குழைந்துவிடும் என்பதால் காயைத் தனியாக வேகவைத்துச் சேர்க்க வேண்டும்.

நாங்கள் சைவம். நெய்க்கு எதை வாங்குவது? (மொந்தெர்ரே)

இதை எல்லாரும் கவனித்துப் படியுங்கள். மந்தேகீயா வெண்ணெய். மந்தேகா பன்றிக் கொழுப்பு. இரண்டு பெயரும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். 'மந்தேகீயா ஸின் ஸால்', அதாவது உப்பில்லாத வெண்ணெய், 90 கிராம் கட்டியாகக் கிடைக்கும். நான்கு கட்டியை உருக்கினால் சுமார் 280 கிராம் நெய் வரும். அட்டையில் 'மார்கரீனா' என்ற சொல் எங்கேயாவது இருந்தால் வைத்துவிடுங்கள்.

கடையில் வாங்கும் மசித்த பீன்ஸ், தமாலெஸ் (சோள மாவுக் கொழுக்கட்டை), கோதுமைத் தோர்த்தியா (சப்பாத்தி மாதிரி ரொட்டி) மூன்றிலும் மந்தேகா இருக்க வாய்ப்பு அதிகம். தக்காளி சேர்த்த சிவப்புச் சாதத்தைப் பல இடங்களில் கோழிச் சாற்றில்தான் வேகவைப்பார்கள். 'கால்தோ தே போயோ' போட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

பனேலா என்றால் வெல்லம்தானே அக்கா? கொலம்பியாவில் அப்படித்தான் வாங்கினோம். (புவேப்லா)

மெக்சிகோவில் பனேலா சீஸ். வெல்லத்துக்கு பிலோன்ஸீயோ என்று கேளுங்கள், கூம்பு கூம்பாக இருக்கும். கல்போல் இறுகியிருந்தால் உடைத்துப் போராட வேண்டாம், அரை டம்ளர் வெந்நீரில் கரைத்து வடிகட்டுங்கள். பாயசத்துக்கும் அதிரசத்துக்கும் அருமையாக இருக்கும். பனேலா சீஸும் வீணில்லை. சூட்டில் உருகாது, பனீர் இடத்தில் போடலாம். உப்பு அதிகம் என்பதால் துண்டு போட்டுப் பத்து நிமிடம் தண்ணீரில் வைத்து எடுங்கள்.

தயிர் வாங்கும்போது 'நதுரால்' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள், 'ஸின் அஸூகார்' (சர்க்கரை இல்லாதது) என்றும் இருக்க வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து சர்க்கரை அதிகமான பாக்கெட்டுகளின் முகப்பில் கருப்பு எண்கோண முத்திரை இருக்கும். அது இருந்தால் மோருக்கு ஆகாது.

மிளகாய்த்தூள் வாங்கினால் புளிக்கிறது! (லெயோன்)

பழத்தில் தூவுகிற தூளை எடுத்திருப்பீர்கள். அதில் எலுமிச்சையும் உப்பும் கலந்திருக்கும். வற்றல் வாங்கி அரைப்பதுதான் சரி. காரத்துக்குச் சீலே தே ஆர்போல் ஒரு பங்கு, நிறத்துக்குக் குவாஹீயோ இரண்டு பங்கு. குவாஹீயோவைக் காம்பும் விதையும் நீக்கி, வெறும் வாணலியில் 20, 30 விநாடி மட்டும் புரட்டுங்கள். கருகினால் தூள் முழுக்கக் கசக்கும். தோல் தடிமன், அதனால் அரைத்தபின் சலிக்க வேண்டும். பச்சைமிளகாய்க்குச் ஸெர்ரானோ.

புளி தாராளமாகக் கிடைக்கும். தமரிந்தோவை ஓட்டோடு சந்தையில் வாங்குங்கள். பாக்கெட்டில் வரும் விழுதில் சர்க்கரை சேர்த்திருக்கலாம். தேங்காய்த் துருவலில் 'எந்துல்ஸாதோ' என்றிருந்தால் அதுவும் இனிப்புத்தான்.

இஞ்ச நல்ல கறுவா (பட்டை) கிடைக்குமோ அக்கா? நான் யாழ்ப்பாணம். (மெரிதா)

கிடைக்கும் தம்பி. மெக்சிகோக்காரர் கனேலா என்று விரும்பி வாங்குவதே உங்கட இலங்கைக் கறுவாவைத்தான். கையால் நொறுக்கக்கூடிய மெல்லிய அடுக்குச் சுருளாகப் பார்த்து எடுங்கோ.

கீரையே கண்ணில் படவில்லை. கறிவேப்பிலை? (மெக்சிகோ சிட்டி)

சூப்பர் மார்க்கெட்டில் தேடினால் படாது. வாரச்சந்தைக்கு, அதாவது தியாங்கிஸுக்குக் காலையிலேயே போங்கள். வெர்தொலாகாஸ் சாட்சாத் பருப்புக்கீரை, கின்தொனீலெஸ் நம்ம தண்டுக்கீரை குடும்பம். இரண்டையும் கட்டுக்கட்டாக விற்பார்கள். பக்கத்திலேயே சௌசௌ குவிந்திருக்கும், அதன் பூர்விகமே இந்த மண்தான். சயோட்டே என்று கேளுங்கள்.

கறிவேப்பிலைதான் கஷ்டம். நர்சரியில் 'கறிச் செடி' என்று வெள்ளி நிற ஊசியிலைச் செடி ஒன்றைக் காட்டுவார்கள். அது வேறு செடி, வாசனைதான் கொஞ்சம் ஒத்துப்போகும். விற்பனையாளரிடம் 'முர்ராயா கொனிகி' (Murraya koenigii) என்ற தாவரப் பெயரைக் காட்டிக் கேளுங்கள். ஊரிலிருந்து நாற்றோ விதையோ பெட்டியில் போட்டு வராதீர்கள். விமான நிலையத்தில் வேளாண் சோதனைத் துறையான ஸெனாஸிகா பறிமுதல் செய்துவிடும்.