சிங்கப்பூரில் துணைப்பாட நிலையத்தில் பாடம் எடுக்கும் ஆசிரியரின் கேள்வி: ஒப்பந்தத்தில் 'சுயதொழில்' என்று இருந்தால் மசேநிதி (மத்திய சேம நிதி, அதாவது முதலாளியும் ஊழியரும் கட்டும் சேமிப்பு), மருத்துவ விடுப்பு கேட்க முடியாதா?

கேட்கலாம். தாளில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பது மட்டும் முடிவு செய்யாது, வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதைத்தான் மனிதவள அமைச்சும் மசேநிதிக் கழகமும் பார்க்கும்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், வகுப்பு நேரத்தைத் துணைப்பாட நிலையமே குறிக்கிறது, பாடத்தாளும் அவர்களுடையது, மாதச் சம்பளம், வேறு ஆளை அனுப்பவும் முடியாது. இது ஊழியர் வேலைதான். மசேநிதி கட்டாமல் தப்பிக்கவே அந்தச் சொல்லைப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். என் தங்கைக்கும் இதே கதைதான். காய்ச்சலில் இரண்டு நாள் போகவில்லை, இரண்டு நாள் காசும் போனது.

முதலில் இதைச் செய்யுங்கள்: கால அட்டவணை, விடுப்புக்கு அனுமதி கேட்ட வாட்ஸ்அப் செய்திகள், வங்கியில் பணம் வந்த பதிவு, எல்லாவற்றையும் இன்றே படமெடுத்து வையுங்கள், ஏனென்றால் வேலையை விட்டதும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து உங்களை நீக்கிவிடுவார்கள். அப்புறம் மசேநிதிக் கழகத்திடம் புகார் கொடுங்கள். விடுப்பு, சம்பளம் பற்றியது டேடமுக்கு (TADM, வேலைத் தகராறுகளைச் சமரசம் செய்யும் முத்தரப்பு அமைப்பு) போகும். வேலையை விட்டிருந்தால் 6 மாதத்துக்குள் போக வேண்டும்.

ஒன்று மட்டும் கவனம். நேரத்தையும் கட்டணத்தையும் நீங்களே பேசி, மூன்று நான்கு நிலையங்களில் எடுக்கிறீர்கள் என்றால் இது எடுபடாமல் போகலாம். அப்போது பாக்கிப் பணத்துக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம்தான், 20,000 வெள்ளி வரை. 2025 ஜனவரியில் வந்த புதிய சட்டம் செயலிகள் வழி வேலை செய்யும் உணவு விநியோகிப்பவர்கள், வாடகைக் கார் ஓட்டுநர்கள் போன்றவர்களுக்கானது, ஆசிரியர்களுக்கு அது இல்லை. இருக்க வேண்டும் என்பது என் கருத்து.