காப்புக்காட்டுக்குள் இருக்கும் குலதெய்வம்: வழிபாட்டு உரிமை கோருவது பற்றி

வணக்கம். சித்தேரி மலையில் காப்புக்காட்டுக்குள் உள்ள உங்கள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வனக்காப்பாளர் விடவில்லை என்றும், மதச் சுதந்திரம் தரும் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவின்படி வழக்குத் தொடரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தொடரலாம்; ஆனால் அதற்கு முன் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் வழியை முயல்வதே மேல் என்பது என் கருத்து. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தொடர்பான வழக்கில், டோங்ரியா கோந்த் என்னும் பழங்குடி மக்களின் வழிபாட்டு உரிமையைக் கிராம சபைகளே பரிசீலிக்க வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியது; கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை மறுத்துவிட்டன.

உங்கள் மலையாளி சமூகம் (கேரளத்தவர் அல்ல, மலைவாழ் மக்கள்) தருமபுரி மாவட்டத்தில் பழங்குடிப் பட்டியலில் இருப்பதால், பழங்குடி அல்லாதவர்களிடம் இச்சட்டம் கேட்பதுபோல 75 ஆண்டுகள் வாழ்ந்ததை மெய்ப்பிக்கும் சுமை உங்களுக்கு இல்லை. சமூக உரிமைக்கான படிவத்தைக் கிராம சபையில் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். புனித இடங்களும் இடுகாடுகளும் சான்றாகும் என்று இச்சட்டத்தின் விதிகளில் 13ஆவது விதி சொல்வதால், சாமிக்கல், நட்டிருக்கும் சூலம், அருகில் நடுகல் இருந்தால் அதுவும், ஒத்தையடிப் பாதை எல்லாவற்றையும் படமெடுத்து இணையுங்கள். மனுதாரர் அல்லாத பெரியவர்களின் வாய்மொழியையும் எழுதிச் சேர்க்கலாம். கிராம சபை மறுத்தால் 60 நாள்களுக்குள் உட்கோட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம். காப்புக்காட்டில் தீ மூட்டுவது தனிக் குற்றம் என்பதால், உரிமை கிடைக்கும்வரை பொங்கலை அடிவாரத்திலேயே வைத்து, படையலை மட்டும் மேலே கொண்டுசெல்ல எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள்.