நெல்லை விடவா, தண்ணீரை விடவா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுக்கு நாலு ஏக்கர் நஞ்சை, குறுவை, அதன்பின் தாளடி என இரண்டு போகமும் நெல்தான். நெல் வயலில் பூமியைச் சூடேற்றும் மீத்தேன் வாயு வருகிறது, நாடு வெளிவிடும் வாயுவும் திரும்ப உறிஞ்சுவதும் சமமாகும் நிகர பூஜ்ஜியத்துக்கு இதைக் குறைக்க வேண்டும் என்று கூட்டம் போட்டுச் சொல்கிறார்கள். புகைபோக்கிகளை விட்டுவிட்டு எங்களிடம் ஏன் வருகிறார்கள்? நெல்லை விடச் சொல்கிறார்களா?
– ஒரு விவசாயி, மன்னார்குடி

பதில்: நெல்லை விட வேண்டாம். உங்கள் கோபமும் நியாயமானது, நிலக்கரி எரிக்கும் ஆலையையும் சோறு போடும் வயலையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனால் மீத்தேன் வருவது உண்மை. வயலில் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது, காற்றில்லாத அந்தச் சேற்றில் அறுத்த நெல்லின் பழைய தாளையும் வேரையும் தின்னும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும், அது பெரும்பாலும் பயிரின் தண்டு வழியாகவே மேலே வந்துவிடும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல சுமார் 27 மடங்கு சூடேற்றும் வாயு இது.

மருந்து உங்களுக்குத் தெரிந்ததுதான்: காய்ச்சலும் பாய்ச்சலும். நட்ட முதல் இரண்டு வாரம் களை வராமல் இருக்கத் தண்ணீர் நிற்கட்டும். அப்புறம் ஓட்டை போட்ட ஒரு குழாய்த் துண்டை வயலில் புதைத்து வையுங்கள். குழாய்க்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியபின் மறுபடி பாய்ச்சினால் போதும், மேல் மண் லேசாக வெடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம், வேர் கீழே ஈரத்தில்தான் இருக்கும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடாதீர்கள். ஒழுங்காகச் செய்த இடங்களில் மகசூல் குறையாமலே மீத்தேன் 30 சதவீதத்துக்கு மேல், சில வயல்களில் பாதி வரைகூடக் குறைந்திருக்கிறது. தாளையும் சேறடிக்கும்போது புதைக்காமல், அறுவடை முடிந்த கையோடு மடக்கி உழுதுவிடுங்கள், நடவுக்குள் மக்கிவிடும்.

சரி, இதைச் சொல்வது சுலபம். ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவருக்குத் தண்ணீர் கையில் இருக்கிறது, மோட்டாரைப் போட்டால் வரும். ஆற்றுப் பாசனத்தில் கடைமடையில், அதாவது வாய்க்காலின் கடைசியில், இருப்பவர் இன்று வயலைக் காயவிட்டால் அடுத்த முறை தண்ணீர் என்றைக்கு வரும் என்று யார் சொல்வது? வந்தபோதே கட்டி வைத்துக்கொள்வதுதான் அவருக்குப் புத்திசாலித்தனம், அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வயல் விட்டு வயல் பாயும் இடத்தில் ஒருவர் மட்டும் காயவிடவும் முடியாது. அதனால் இதை ஒவ்வொரு விவசாயியின் தலையிலும் கட்டாமல், ஒரு வாய்க்கால் முழுவதற்கும் முறை வைத்து, சொன்ன நாளில் தண்ணீர் விட்டால்தான் நடக்கும். மேட்டூரைத் திறக்கும் தேதி மட்டும் போதாது, கடைசி மதகுக்கும் தேதி வேண்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தாளடி வயலைக் காயவைக்க யாராலும் முடியாது, குறுவையில்தான் இதற்கு இடம் இருக்கிறது.

இன்னொன்று, 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா சொன்ன 2070 இலக்கு நிகர பூஜ்ஜியம்தான், வெறும் பூஜ்ஜியம் இல்லை. மாடு அசைபோடும் வரை, நெல் விளையும் வரை கொஞ்சம் மீத்தேன் இருக்கத்தான் செய்யும். குறைக்க முடிந்ததைக் குறைத்துவிட்டு, மிச்சத்துக்கு ஈடாக மரமும் மண்ணும் கரியமில வாயுவை இழுத்து வைக்க வேண்டும்.

கேள்வி: வயலைக் காயவிட்டால் வேறொரு வாயு வரும் என்கிறார்களே?
– வேளாண் கல்லூரி மாணவி, மதுரை

பதில்: வரும், நைட்ரஸ் ஆக்சைடு. மீத்தேனை விடப் பல மடங்கு மோசமானது, கரியமில வாயுவைப் போல சுமார் 270 மடங்கு. மண் காய்ந்து நனையும்போது, யூரியாவில் இருக்கும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) பயிர் எடுத்துக்கொள்ளாதது இப்படிப் போகிறது. அதனால் தண்ணீரையும் யூரியாவையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்று மானியத்தில் கிடைப்பதால் கை தாராளமாக வீசிவிடுகிறது. பச்சை நிறப் பட்டைகளுக்கு எண் போட்ட இலை வண்ண அட்டையைப் பயிரின் இலையோடு வைத்துப் பார்த்து, வெள்ளைப் பொன்னி என்றால் 3-க்குக் கீழே, மற்ற ரகம் என்றால் 4-க்குக் கீழே நிறம் இறங்கினால் மட்டும் போடுங்கள். காய்ந்திருக்கும் வயலில் போட்ட உடனே தண்ணீர் கட்டினால் உரம் வேர்ப்பக்கம் இறங்கும், வீணாவது குறையும்.

கேள்வி: நகரத்தில் இருக்கும் நான் இதற்கு என்ன செய்ய முடியும்?
– இல்லத்தரசி, சென்னை

பதில்: சோற்றைக் கொட்டாதீர்கள். 2022-ல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானது என்று ஐக்கிய நாடுகள் சபையின் கணக்கு, அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து. கொட்டிய சோறு கொடுங்கையூரிலோ பெருங்குடியிலோ குப்பைக்கு அடியில் காற்றில்லாமல் அழுகி, வயலில் நடந்ததையே மறுபடி செய்கிறது. ஒரே சோற்றுக்கு இரண்டு முறை மீத்தேன். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றிக் காலையில் பழையதாகச் சாப்பிடுங்கள், அதற்கும் மேல் மிஞ்சினால் மக்கும் குப்பையில் தனியாகப் போடுங்கள்.