மேசையில் பதினொரு நாள்

வணக்கம் ஐயா,

உங்கள் தளத்தை மூன்று நாலு வருடமாக வாசித்து வருகிறேன். வன்னியில் உளநல மருத்துவ அதிகாரியாக இருக்கிறேன். கிழமையில் நாலு நாள், நாலு இடத்தில் கிளினிக். போன மாதம் மேலிடத்தில் கூப்பிட்டு, மாகாணம் முழுக்க உளநலத்தையும் போதைச் சிகிச்சையையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும், நீங்கள் வாருங்கள் என்றார்கள். கதிரை யாழ்ப்பாணத்தில். வேலை கூட்டம், அறிக்கை, சுற்றறிக்கை.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு நித்திரை இல்லை. என்னிடம் வரும் அம்மாக்கள் பலருக்கு நான் எழுதும் குளிசையைவிட நான் கதைப்பதுதான் மருந்து. நான் போனால் அந்த இடத்துக்கு எப்போது ஆள் வரும் என்று யாருக்கும் தெரியாது. "நல்ல டொக்டர்மார் எல்லாம் கந்தோருக்குப் போய்த்தான் பழுதாகினம்" என்று எங்கள் தாதி அக்கா சொல்கிறார். நீங்கள் சுகாதாரப் பகுதியில் இலிகிதராக இருந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். மேசையில் இருந்துகொண்டு உண்மையில் ஏதாவது செய்ய முடியுமா?

வன்னியிலிருந்து ஒரு மருத்துவர்
(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள டொக்டர் தங்கச்சிக்கு,

தாதி அக்கா சொன்னதில் பிழையில்லை. கந்தோருக்கு வந்து பழுதானவர்களுக்கு வருடக்கணக்காகக் கோவை தூக்கிக் கொடுத்தவன் நான். ஆனால் மேசையில் இருந்து ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டீர்களே, அதற்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது. பெருமையாகச் சொல்லக்கூடியது இல்லை.

போர் முடிந்து சனம் ஊர் திரும்பியிருந்த காலம். எந்தக் கந்தோர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். உள்ளே இருக்கிற ஒரு கிராமத்தில் இருந்து ஒருவர் மனநோய்க்கான மாத ஊசிக்கு வருவார். காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பதுக்குக் கிளினிக். திரும்பிப் போக ஒரு மணிக்கு ஒரு பஸ், அதை விட்டால் அடுத்த நாள்தான். கிளினிக் கொப்பியைச் சீனி வந்த பொலித்தீன் பையில் சுற்றி, சேர்ட்டுக்குள் செருகிக்கொண்டு வருவார். ஊசி போட்டால் மாதம் முழுக்கத் தோட்டம் செய்வார், மாடு பார்ப்பார். ஒரு மாதம் ஊசி இல்லை. வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். டவுனில் இரண்டு பார்மசி, இரண்டிலும் இல்லை. அடுத்த மாதமும் வந்தார், அப்போதும் இல்லை. மூன்றாம் மாதம் அவர் வரவில்லை. நாலாம் மாதம் லாண்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டியில் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்தார்கள். கூட வந்த மனைவியின் நெற்றியில் தையல் போட வேண்டியிருந்தது.

பக்கத்து மாவட்டக் களஞ்சியத்தில் அந்த ஊசி இருந்தது. கடனாக எடுக்க ஒரு கடிதம் போதும். அந்தக் கடிதம் ஒப்பத்துக்கு வந்து என் மேசையில் பதினொரு நாள் கிடந்தது. நான் சோம்பேறியாக இருந்தேன் என்று இல்லை. அதற்கு மேல் கிடந்த கோவைகள் எல்லாம் 'அவசரம்' என்று சிவப்புத் துண்டு ஒட்டி வந்தவை: பெரியவர் ஒருவரின் வருகை, கட்டடத் திறப்பு விழா, பந்தல் செலவு, வாகன ஒழுங்கு. இருதய நோயாளிக்கு மருந்து இல்லையென்றால் அவர் மகன் போன் எடுத்துக் கத்துவான், உள்ளூர்ப் பேப்பரில் செய்தி வரும். மனம் குழம்பினவருக்காகக் கத்துவதற்கு ஆள் இல்லை. வீட்டிலேயே சத்தம் போடாமல் மறைத்துத்தான் கூட்டி வருகிறார்கள்.

ஒரு குடும்பத்தைப் பதினொரு நாளில் குலைத்துப்போட முடிந்த மேசை அது. அதனால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

நீங்கள் போனதும் புதுக் கொள்கை எழுதச் சொல்லி யாராவது கேட்பார்கள். கொள்கைக்குக் குறைவில்லை. எடுத்ததற்கெல்லாம் கொழும்புப் பக்கம் அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பும் பழக்கத்தை விட்டு, நோயாளியை அவருடைய மாவட்டத்திலேயே பார்க்க வேண்டும் என்பதுதான் 2005ஆம் ஆண்டுத் தேசிய உளநலக் கொள்கையின் சாரம். உங்கள் பதவியே அந்த யோசனையால் வளர்ந்ததுதான். கொள்கை சறுக்குவது கணக்குப் பக்கத்தில். ஒன்றைச் சொல்கிறேன். அடுத்த வருடத்துக்கு எவ்வளவு ஊசி வேண்டும் என்று மதிப்பீடு போடும்போது போன வருடப் பாவனையைப் பார்ப்பார்கள். ஊசி இல்லாத மூன்று மாதமும் பாவனை பூச்சியம். அந்தப் பூச்சியத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அடுத்த வருடத்துக்கு இன்னும் குறைவாகத்தான் கேட்போம். அது இன்னும் முந்தி முடியும். பாவனையை விட்டுவிட்டு, கொப்பியில் உள்ள ஆட்களை எண்ணிப் பன்னிரண்டால் பெருக்குங்கள். இதற்கு மருத்துவப் பட்டம்கூடத் தேவையில்லை. ஆனால் மதிப்பீட்டில் மருத்துவர் ஒருவர் ஒப்பம் வைத்தால்தான் களஞ்சியக்காரர் கேட்பார்.

ஆளணி விஷயமும் அப்படித்தான். 2012 கணக்கெடுப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தில் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர், முல்லைத்தீவில் சுமார் 92,000 பேர். தலையை எண்ணிப் பங்கு போட்டால் முல்லைத்தீவுக்கு ஆறில் ஒன்றும் வராது. நிலப்பரப்போ யாழ்ப்பாணத்தைப் போல இரண்டரை மடங்கு. வீடு தேடிப் போகும் உத்தியோகத்தர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் ஒரு நாளைக்குப் பத்து வீடு பார்ப்பார். முல்லைத்தீவின் துணுக்காய்ப் பக்கம் மூன்று வீடு பார்த்தால் பெரிய காரியம், அதற்கும் மோட்டார்சைக்கிள் வேண்டும், பெற்றோல் வேண்டும், மாரியில் வீதி இருக்க வேண்டும். ஆனையிறவுக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தால் வன்னி எல்லாம் ஒரே காடாகத்தான் தெரியும். அந்தக் கூட்ட மேசையில் மல்லாவிக்கும் ஒட்டுசுட்டானுக்கும் எத்தனை பஸ் ஓடுகிறது என்று தெரிந்த ஒரு ஆளாவது இருக்கட்டுமே.

போதை விஷயத்துக்கு வருகிறேன். அதில்தான் உங்களுக்குச் சண்டை வரும்.

பனையால் விழுந்து கால் முறிந்த ஒருவரைச் சத்திரசிகிச்சை வார்ட்டில் போட்டிருந்தார்கள். என் ஒன்றுவிட்ட தம்பி பக்கத்துக் கட்டிலில் இருந்ததால் நான் இதை நேரில் கண்டேன். இரண்டு நாள் பேசாமல் கிடந்தார். மூன்றாம் நாள் இரவு கை நடுங்கத் தொடங்கியது. சுவரில் எறும்பு ஏறுகிறது என்று தட்டினார், பிறகு கட்டிலை விட்டு எழும்பி ஓடப் பார்த்தார். தாய் திருநீறு கொண்டுவந்து பூசினார். பனையில் முனி இருந்ததாம். ஊழியர்கள் கையைக் கட்டினார்கள். அவர் தினமும் குடிக்கிறவர், இரண்டு நாளாகக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு இது பாலபாடம்: நேரத்துக்கு அடக்கும் மருந்தும் உயிர்ச்சத்து பி1 ஊசியும் கொடுத்தால் சமாளிக்கலாம், கவனிக்காமல் விட்டால் உயிரும் போகும். சேர்க்கும்போதே "எவ்வளவு குடிப்பீர்கள், கடைசியாய் எப்ப குடிச்சனீங்கள்" என்று கேட்க ஒரு தாள் வார்ட் சுவரில் ஒட்டியிருந்தால் போதும். அந்தத் தாளை எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரே நாளில் அனுப்பக்கூடிய கதிரைக்குத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமைன் போதை வேறு கதை. குடியை நிறுத்த உதவ மருந்து உண்டு, ஐஸை விட வைக்க என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட மருந்து இன்னும் கிடையாது. ஆளும் நேரமும் பொறுமையும்தான் சிகிச்சை. ஆள் போடக் காசு கேட்டால் இழுத்தடிப்பார்கள், ஆனால் பொலிஸ் வந்து பிடித்துக்கொண்டு போவதற்குக் காசு எப்போதும் இருக்கும். 2023 டிசம்பரில் 'யுக்திய' என்று பொலிஸ் போதைக்காரரை நாடு முழுக்கப் பிடித்தார்களே, அந்த நாட்களில் ஒரு தாய் என்னிடம் வந்து, "ஐயா, தம்பியைப் புனர்வாழ்வுக்கு அனுப்பப் போறாங்களாம்" என்று அழுதார். கொழும்பில் இருக்கிற ஒருவருக்குப் புனர்வாழ்வு என்பது நல்ல சொல். வன்னியில் அந்தச் சொல்லைக் கேட்டால் 2009இல் போர் முடிந்த பிறகு வவுனியா பூந்தோட்டம் புனர்வாழ்வு முகாமில் பிள்ளையைப் பார்க்க வரிசையில் நின்றது நினைவுக்கு வரும். அந்தத் தாய் நினைத்ததில் பிழையும் இல்லை. முன்னாள் போராளிகளைப் பொறுப்பெடுத்த அதே புனர்வாழ்வுப் பணியகம்தான் பிறகு கந்தக்காடு முகாமில் போதைக்காரரையும் பொறுப்பெடுத்தது. அதனால் உங்கள் போர்டில் அந்தச் சொல் வர விடாதீர்கள். 'போதைச் சிகிச்சைக் கிளினிக்' என்று எழுதுங்கள், சீருடை போட்ட ஆள் வாசலில் நிற்காமல் பாருங்கள். தாய்மார் தாங்களாகவே கூட்டி வருவார்கள்.

மேசையில் இருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இந்த நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 என்ற அளவில், உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. அதே வருடம் மிகக் கொடிய பூச்சிமருந்துகள் தடைசெய்யப்பட்டன, 1998இல் எண்டோசல்பானும் தடையானது. அடுத்த பத்து வருடத்தில் வீதம் பாதியாகியது. அந்த வருடங்களில் சனத்தின் கவலை ஒன்றும் பாதியாகவில்லை, போர்தான் நடந்துகொண்டிருந்தது. கோபத்தில் ஒரு நிமிடம் கைக்கு எட்டிய போத்தல் மாறியது, பலர் பிழைத்தார்கள். அப்படிப் பிழைத்த ஒருவர் இன்று தன் பேரன் உயர்தரப் பரீட்சை எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். தன்னைக் காப்பாற்றியது வர்த்தமானியில் வந்த நாலு வரி என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

ஒரு இடத்தில் மட்டும் கவனமாக இருங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்பாகப் போராட்டத்தில் இருக்கத் தொடங்கினார்கள். உங்கள் கிளினிக்குக்கு வரும் அம்மாக்களிலும் அவர்கள் இருப்பார்கள். நித்திரைக் குளிசை எழுதிக் கொடுங்கள், அது அவர்களுக்குத் தேவை. ஆனால் மாகாண அறிக்கையில் 'மனச்சோர்வு, இத்தனை பேர்' என்று அவர்களை ஒரு கட்டத்துக்குள் அடைக்கும்போது யோசியுங்கள். பிள்ளை எங்கே என்று கேட்பது நோய்க்குறி ஆகிவிடக்கூடாது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல வருடமாகச் சொல்லி வந்ததும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது: இங்கே காயப்பட்டது தனி ஆள் மட்டும் இல்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்பட்டன. பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள் என்பதை அறிக்கையில் ஒரு வரியாவது எழுதி வையுங்கள். வெட்டிவிடுவார்கள்தான். வெட்டியதும் கோவையில் இருக்கட்டும்.

சரி, போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள். ஆனால் உங்கள் இடத்துக்கு ஆள் வந்து பொறுப்பெடுத்த பிறகுதான் போவேன் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னது கந்தோரில் செல்லாது. கிழமையில் ஒரு நாள் ஒரு கிளினிக்கை உங்கள் கையிலேயே வைத்திருங்கள், அதுவும் தூரத்தில் இருப்பதை. மருந்து முடிந்ததை அறிக்கையில் வாசிப்பதும், ஆளின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்வதும் வேறு வேறு. அப்புறம், உங்கள் குரல்தான் மருந்து என்று எழுதியிருந்தீர்கள். அது உண்மையாக இருக்கும். ஆனாலும் தங்கச்சி, நாளைக்கு நீங்கள் பிரசவ லீவில் போனாலும் அந்த அம்மாவுக்குக் கதைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேடிப் பழக்கிவிட்டுப் போவதும் இந்தப் புது வேலைக்குள்தான் வருகிறது.

லாண்ட்மாஸ்டரில் வந்தவர் இப்போதும் ஊசிக்கு வருகிறார். சந்தையில் சனிக்கிழமைகளில் கத்தரிக்காய் விற்பார். எனக்கு அவரைத் தெரியும், அவருக்கு என்னைத் தெரியாது. அவரிடம் நான் விலை பேசுவதில்லை.