மகள் டாக்டராக வேண்டும் என்றால் கொடைக்கானலா, ஊட்டியா?

மஸ்கட்டிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். மகள் எட்டாம் வகுப்பு, கிறிஸ்தவப் பள்ளி விடுதியில் சேர்த்தால் மதம் மாற்றிவிடுவார்களோ என்று மாமியாருக்குப் பயம், பிள்ளைக்கோ டாக்டர் கனவு. சரி, மாமியார் கேள்வியைவிடக் கனவுதான் சிக்கலானது.

கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளியில் ஐபி டிப்ளமோ, அதாவது பிளஸ் டூவுக்கு நிகரான சர்வதேசப் பாடத்திட்டம். 1901-ல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி அது. ஐபியில் ஆறு பாடங்கள். வழக்கமான தேர்வில் அறிவியல் இரண்டுதான் அடங்கும். நீட்டுக்கோ இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுமே வேண்டும். மூன்றையும் எடுக்கத் தனி அனுமதி கேட்க வேண்டிவரும். ஊட்டி ஹெப்ரான் பள்ளியில் ஏ லெவல், அதாவது பிளஸ் டூவுக்கு நிகரான பிரிட்டிஷ் பாடத்திட்டம். அந்த முறையில் மூன்று அறிவியலையும் நேரடியாக எடுக்கலாம். ஆனால் எதில் படித்தாலும் நீட் கேள்விகள் சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கும் என்சிஇஆர்டி புத்தகத்தைச் சுற்றியே வரும். அதைத் தனியாகப் படித்தாக வேண்டும். மலை மேலே கோச்சிங் சென்டரைத் தேடி அலையாதீர்கள், ஆன்லைன்தான் கதி.

மதம் பற்றி: இரண்டிலும் வழிபாடு பள்ளி வாழ்க்கையின் ஒரு பகுதி. எது கட்டாயம், எதற்கு விலக்கு உண்டு என்று சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என் அக்கா மகன் இப்படியொரு பள்ளியில் ஐந்து வருடம் இருந்தான். கேரல் பாட்டெல்லாம் அத்துப்படி, இன்றும் பழனிக்குப் பாதயாத்திரை போகிறான்!

அப்புறம், முடிவெடுப்பதற்கு முன் மகளை ஒரு ஜூலை மழையில் அங்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள். மஸ்கட் வெயிலில் வளர்ந்த பிள்ளை.